நாட்பட்ட நடுக்காது அழற்சியை விலங்குகளில் ஆராய்வது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செவிப்பறையில் ஓட்டை விழுந்து, மாதக்கணக்கில் காது ஒழுகிக்கொண்டே இருக்கும் நோய் இன்றும் ஏராளமான குழந்தைகளின் கேள்வித்திறனைப் பறித்துவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இவ்வாறு காது ஒழுகும் நிலையில் வாழ்பவர்கள் 6.5 கோடி முதல் 33 கோடி வரை இருக்கலாம். அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க கேள்விக் குறைபாடு உண்டு. இத்தனை பரவலான நோயாக இருந்தும், அதன் உள்நடப்பை மனிதரிடம் நேரடியாகப் பார்ப்பது கடினம். நடுக்காது என்பது எலும்புக்குள் புதைந்திருக்கும் சிற்றறை. அறுவை சிகிச்சையின்போது கிடைக்கும் சிறு திசுத் துண்டைத் தவிர ஆய்வாளர் கைக்கு எதுவும் வருவதில்லை. அந்தத் துண்டு வரும்போதோ நோய் முற்றிப்போயிருக்கும். அது எந்த நாளில், எந்தக் கிருமியால் தொடங்கியது என்பதை யாராலும் சொல்ல இயலாது. தொற்றின் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பின்தொடர்ந்து பார்க்க விலங்கு மாதிரிகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஆய்வுக்கூடத்தில் இப்பணியைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீர் அழற்சி சில வாரங்கள் நீண்டுவிட்டால் அது நாட்பட்ட அழற்சி ஆகிவிடாது. ஆரோக்கியமான சுண்டெலியின் நடுக்காதில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே கிருமியைச் செலுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் அழற்சி உச்சத்தை எட்டி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே தொற்று ஏன் நீங்காமல் தங்குகிறது என்பதற்கு உங்கள் மாதிரிக்குள்ளேயே ஒரு காரணம் பொதிந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுக்காமல் விலங்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாங்களாகவே குணமாகும் காதுகளில் மருந்தைச் சோதித்து, அந்த மருந்து வேலை செய்ததாக நம்பிவிடுகிறார்கள்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாட்பட்ட நடுக்காது அழற்சி என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று நிலைகள் அடங்கியுள்ளன. செவிப்பறை ஓட்டையின்றி இருக்க, அதன் பின்னால் மூன்று மாதத்துக்கு மேல் நீர் தேங்கி நிற்பது ஒன்று. செவிப்பறை ஓட்டை வழியாகச் சீழ் ஒழுகிக்கொண்டே இருப்பது மற்றொன்று. தோல் செல்கள் நடுக்காதுக்குள் புகுந்து திரண்டு, அருகிலுள்ள எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா மூன்றாவது. இவற்றில் காணப்படும் கிருமிகளும் ஒன்றல்ல. திடீர் அழற்சியிலும் நீர் தேங்கும் நிலையிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே, மொராக்செல்லா கடாராலிஸ் ஆகியவை முதன்மையானவை. ஒழுகும் காதில் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் முன்னுக்கு வருகின்றன. நிமோனியே கிருமியைச் செலுத்திய ஒரு மாதிரியிலிருந்து ஒழுகும் காதுக்கான சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல இயலாது.

எந்த நிலை, எந்தக் கிருமி, எந்த விளைவு என்ற மூன்றும் அடங்கும்படி உங்கள் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் அமையாதவரை விலங்குகளை வாங்க வேண்டாம்.

அடுத்து, தொற்று தங்குவதற்கான காரணத்தை முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான மாதிரிகள் நான்கு வழிகளில் ஒன்றையோ பலவற்றையோ பயன்படுத்துகின்றன. விலங்கின் மரபணுக் குறைபாட்டால் நடுக்காது தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள இயலாமல் போவது ஒரு வழி. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயை அடைப்பது இன்னொரு வழி. கிருமிகள் சளிச்சவ்வின்மேல் உயிர்ப்படலமாக, அதாவது தாங்களே சுரக்கும் பசைக்குள் ஒட்டி வாழும் கூட்டமாக, படிந்தோ, மருந்துக்கு மடியாமல் செயலற்றுக் கிடக்கும் பெர்சிஸ்டர் செல்களாக மாறியோ பிழைத்திருப்பது மூன்றாவது. செவிப்பறை ஓட்டை மூடாமல் திறந்தே இருப்பது நான்காவது. மனித நோயாளியிடம் இந்த நான்கும் கலந்தே இருக்கக்கூடும். ஆய்விலோ ஒன்றையாவது உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால்தான், கிடைக்கும் விளைவுக்குக் காரணம் சொல்ல முடியும்.

இரண்டாம் படி: கேள்விக்கு ஏற்ற விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

பல ஆண்டுகளாக இத்துறையின் முதன்மை விலங்காக இருந்துவருவது சின்சில்லா. கொறித்துண்ணிகளுக்கு நடுக்காதின் அடியில் புல்லா எனப்படும் எலும்புக் குமிழ் உண்டு. சின்சில்லாவில் இது மிகப் பெரியது; நடுக்காதின் கொள்ளளவு ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிலிட்டர் வரை இருக்கும். குமிழின் மேற்சுவர் மெல்லியது. தலையின் மேற்புறத்திலிருந்தே ஊசியால் எட்டிவிடலாம் என்பதால், செவிப்பறையைத் தொடாமலேயே கிருமியைச் செலுத்தவும் திரவத்தை மீண்டும் மீண்டும் எடுக்கவும் முடிகிறது. தாழ்ந்த ஒலிகளையும் நன்கு கேட்கக்கூடிய அதன் கேள்வித்திறன் எல்லை மனிதருடையதற்கு நெருக்கமானது. இயல்பான நடுக்காது அழற்சி இவ்விலங்குக்கு அரிதாகவே வருகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் கீபிங்க் குழுவினர் 1970-களில் நிமோனியே கிருமியைக் கொண்டு உருவாக்கிய சின்சில்லா மாதிரி, பின்வந்த பல ஆய்வுகளுக்கு அடித்தளமானது. ஹீமோஃபிலஸ் செலுத்தப்பட்ட சின்சில்லாக்களின் நடுக்காதுச் சளிச்சவ்வில் உயிர்ப்படலம் உருவாவதை 2002-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் காட்டினர். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, காதில் குழாய் பொருத்த வந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த 50 திசு மாதிரிகளில் 46-இல், அதாவது 92 விழுக்காட்டில், உயிர்ப்படலத்தைக் கண்டது. விலங்கில் முதலில் கண்டதை மனிதரிடம் தேடிச் சென்று உறுதிசெய்த இந்த வரிசை, நல்ல மாதிரி என்ன செய்ய வல்லது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு.

சின்சில்லாவின் குறைகளும் சிறியவை அல்ல. கர்ப்பகாலம் ஏறத்தாழ 111 நாட்கள் என்பதால் எண்ணிக்கையைப் பெருக்குவது மெதுவான வேலை. அதன் நோயெதிர்ப்பு மண்டலத்தை அளக்க உதவும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) சந்தையில் மிகக் குறைவு. மரபணு மாற்றப்பட்ட வகைகள் இல்லை. வெப்பத்தை அது தாங்காது. தன் உடலைத் தூய்மைப்படுத்திக்கொள்ள நுண்தூளில் புரளும் பழக்கம் அதற்கு உண்டு. காயம் ஆறும்வரை அந்தத் தூள் தொட்டியை அகற்றிவைக்க வேண்டும்.

மரபணுக்களைப் பற்றிய கேள்வி என்றால் சுண்டெலியைத்தான் நாட வேண்டும். இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு மையத்தில், வேதிப்பொருளால் மரபணு மாற்றத்தைத் தூண்டி நடந்த பெரும் தேடலில் கிடைத்த ஜெஃப், ஜுன்போ என்ற இரு வகைகள் இத்துறையின் செல்வங்கள். முன்னதில் எஃப்.பி.எக்ஸ்.ஓ.11 என்ற மரபணுவும் பின்னதில் ஈவி1 என்ற மரபணுவும் மாறியுள்ளன. மரபணுவின் இரு படிகளில் ஒன்று மாறியிருந்தாலே போதும்; நோய்க்கிருமிகள் நீக்கப்பட்ட சூழலில் வளர்த்தாலும் பிறந்த சில வாரங்களில் நடுக்காதில் தானாகவே நீர் கோத்து, அது நீங்காமல் நிற்கும். இந்த எலிகளின் நடுக்காதில் ஆக்சிஜன் பற்றாக்குறை நிலவுவதும், புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தின் செயல்வழியைத் தடுத்தபோது ஜுன்போ எலிகளின் கேள்வி இழப்பு குறைந்ததும் 2011-இல் காட்டப்பட்டன. எம்.யூ.சி.5.பி என்ற சளிப் புரதம் இல்லாத எலிகளுக்கு நுரையீரலோடு நடுக்காதிலும் தொற்று ஏற்படுகிறது என்பது 2014-இல் தெரியவந்தது. நடுக்காதின் உட்புறச் சவ்வு இருவேறு கருப்படலங்களிலிருந்து உருவாகிறது என்பதும், கருவின் நரம்பு முகடு எனப்படும் செல் தொகுதியிலிருந்து வரும் மேற்பகுதியில் குற்றிழைகள் இல்லை என்பதும் 2013-இல் சுண்டெலிகளைக் கொண்டே நிறுவப்பட்டன. அழுக்கை வெளியே தள்ளும் இழைகள் இல்லாத அந்தப் பகுதியில் நோய் தங்குவது ஏன் என்று சிந்திக்க இது வழி திறந்தது.

சுண்டெலியின் இனவகையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஆய்வகங்களில் மிகப் பரவலான சி57பி.எல்/6 வகைக்கு, கேட்ஹரின்23 மரபணுவின் ஒரு மாற்றத்தால், சில மாத வயதிலேயே உயர் அதிர்வெண்ணில் தொடங்கிக் கேள்வித்திறன் குறைந்துகொண்டே போகும். நாட்பட்ட நோயை மாதக்கணக்கில் தொடரும் ஆய்வில் இது பெரும் குழப்பத்தை உண்டாக்கும்; தொற்றால் வந்த இழப்பையும் வயதால் வந்த இழப்பையும் பிரிக்கவே முடியாமல் போகலாம். கேள்வியை அளப்பதுதான் நோக்கம் என்றால், முதுமைவரை கேள்வி நன்றாக நிற்கும் சி.பி.ஏ./சி.ஏ.ஜே. வகையை நான் பரிந்துரைப்பேன். சி3எச்/எச்.இ.ஜே. வகையில் டி.எல்.ஆர்.4 என்ற நோயெதிர்ப்பு ஏற்பி செயலிழந்திருப்பதால் தானாகவே நடுக்காது அழற்சி வரும். அதையே ஆராய்வோருக்கு அது வரம். அறியாமல் ஒப்பீட்டுக் குழுவில் வைப்போருக்கு அது ஆய்வையே கெடுத்துவிடும்.

மற்ற விலங்குகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலியின் (ராட்) நடுக்காது அமைப்பு மனிதருடையதை ஓரளவு ஒத்தது. அறுவை செய்யப் போதிய இடமும் உண்டு. யூஸ்டேஷியன் குழாயை அடைக்கும் ஆய்வுகளுக்கு அது பொருத்தமானது. மங்கோலிய ஜெர்பிலுக்கு வயதாகும்போது கொலஸ்டியடோமா தானாகவே வருகிறது. காதுத் துளையைக் கட்டி அடைத்தும் அதை வரவழைக்கலாம். கினிப்பன்றியின் காக்லியாவை, அதாவது ஒலியை உணரும் உட்காதுப் பகுதியை, எளிதில் எட்டலாம் என்பதால், காதில் விடும் மருந்துகள் உட்காதுக்குக் கேடு செய்கின்றனவா என்பதைச் சோதிக்க அது நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் சிறு விலங்குகளால் விடை காண முடியாத கேள்வி என்று உறுதியாக நிறுவப்படும்வரை, அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது என் கருத்து. எந்த ஆய்வக எலியிலும் மனிதருக்குக் காதின் பின்னால் இருப்பதுபோல் காற்றறைகள் நிறைந்த காதுப்புடை எலும்பு இல்லை. அதன் இடத்தில் புல்லாதான் உள்ளது. காதுப்புடை எலும்பில் பரவும் தொற்றைப் பற்றி எலியிலிருந்து நேரடியாக எதையும் சொல்லிவிடக் கூடாது.

மூன்றாம் படி: அனுமதியும் எண்ணிக்கையும்

உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் கேட்பதை முழுமையாக நிறைவேற்றாமல் எதையும் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் இருவரும் 1959-இல் முன்வைத்த மூன்று நெறிகள், அதாவது மாற்று வழி தேடுவது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது ஆகியவை, இன்றும் எல்லா விண்ணப்பங்களுக்கும் முதுகெலும்பாக உள்ளன. உயிர்ப்படலத்தின்மேல் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை மட்டும் அறிய வேண்டுமானால், வளர்ப்புத் தட்டில் முதலில் சோதியுங்கள். சளிச்சவ்வுச் செல்களின் எதிர்வினையை, காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் வளர்த்த நடுக்காதுச் செல்களில் பார்க்கலாம். அங்கே விடை கிடைக்காத கேள்வியோடு மட்டும் விலங்கிடம் வாருங்கள்.

எண்ணிக்கையைக் கணக்கிடும்போது புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு விலங்குக்கு இரண்டு காதுகள் இருப்பதால், பத்து விலங்குகளில் இருபது தரவுகள் கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரே உடலில் உள்ள இரு காதுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. அவற்றுக்கு ஒரே மரபணுக்கள், ஒரே நோயெதிர்ப்பு, ஒரே கூண்டுச் சூழல். ஆய்வின் அலகு விலங்குதான். இரு காதுகளையும் பயன்படுத்த வேண்டியிருந்தால், அந்தத் தொடர்பைக் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரிப் புள்ளியியலைத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். மறுகாதை ஒப்பீட்டுக்கு வைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மூக்குத்தொண்டை வழியாகக் கிருமி அந்தப் பக்கமும் போகலாம்; காதில் விட்ட மருந்து ரத்தத்தில் கலந்து அந்தப் பக்கத்தையும் தொடலாம்.

வலி எல்லை மீறினால் எந்தக் கட்டத்தில் ஆய்வை நிறுத்தி விலங்கைத் துன்பமின்றி விடுவிப்பது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். தலை ஒருபக்கம் சாய்தல், வட்டமிட்டுச் சுற்றுதல், நிலைதடுமாறுதல் ஆகியவை தொற்று உட்காதை எட்டிவிட்டதற்கான அறிகுறிகள். நிமோனியே கிருமி மூளைச்சவ்வு வரையிலும் செல்லக்கூடியது. உடல் எடையை நாள்தோறும் பாருங்கள். பல நெறிமுறைகள் 20 விழுக்காடு எடை இழப்பை இறுதி எல்லையாகக் கொள்கின்றன.

நான்காம் படி: தொடங்குமுன் காது நலமாக உள்ளதா என்று பாருங்கள்

மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் போன்ற கிருமிகள் எலிக் கூட்டங்களில் இயல்பாகப் பரவி, வெளியே தெரியாமல் நடுக்காது அழற்சியை உண்டாக்கும். எனவே குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லையெனச் சான்றளிக்கப்பட்ட விலங்குகளையே வாங்குங்கள். வந்தபின் சூழலுக்குப் பழகச் சில நாட்கள் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு காதையும் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து, கேள்வியையும் ஒருமுறை அளந்து பதிவுசெய்யுங்கள். செவிப்பறை மங்கியோ சிவந்தோ, பின்னால் நீர்க்கோடு தெரியவோ செய்தால் அந்த விலங்கைச் சேர்க்க வேண்டாம். விலங்குக் கூடத்தின் இரைச்சலும் முக்கியம். நம் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஒலிக்கும் கருவிகள் எலிகளுக்கு ஓயாத சத்தமாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: தொற்றை உண்டாக்குதல்

கிருமியை நடுக்காதுக்குக் கொண்டுசெல்ல மூன்று பாதைகள் உள்ளன. மூக்கின் வழியாக விட்டு, யூஸ்டேஷியன் குழாய் வழியே ஏறவிடுவது இயற்கைக்கு மிக நெருக்கமானது. ஆனால் எல்லா விலங்குகளிலும் தொற்று பிடிப்பதில்லை. இன்ஃப்ளூயன்ஸா ஏ வைரஸையும் நிமோனியே கிருமியையும் சின்சில்லாக்களின் மூக்கில் விட்டு 1980-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வைரஸ் மட்டும் பெற்றவற்றில் 4 விழுக்காட்டுக்கும், கிருமி மட்டும் பெற்றவற்றில் 21 விழுக்காட்டுக்கும், இரண்டும் பெற்றவற்றில் 67 விழுக்காட்டுக்கும் நடுக்காது அழற்சி வந்தது. சளிக் காய்ச்சலைத் தொடர்ந்து குழந்தைகளுக்குக் காதுவலி வருவதை இந்த எண்களே விளக்குகின்றன. நோய் எப்படித் தொடங்குகிறது என்பது உங்கள் கேள்வியானால் இந்தப் பாதையில் செல்லுங்கள். செவிப்பறை வழியாக ஊசியால் செலுத்துவது எளிது; ஆனால் செவிப்பறையில் ஏற்படும் காயமே ஒரு மாறியாகிவிடும். புல்லாவைத் திறந்து நேரடியாக இடுவது மிகச் சீரான விளைவைத் தரும். அதற்கு அறுவைப் பயிற்சி வேண்டும்.

சுண்டெலியின் நடுக்காதில் சில மைக்ரோலிட்டருக்கு மேல் இடமில்லை. பொதுவாக 5 மைக்ரோலிட்டர் அளவே செலுத்தப்படுகிறது. கூடுதலாகச் செலுத்தினால் திரவம் குழாய் வழியே தொண்டைக்கு இறங்கி நுரையீரலையும் எட்டலாம். நல்ல நிறமுள்ள தீங்கற்ற திரவத்தை, ஆய்வுக்குப் பின் இறந்த விலங்குகளின் உடல்களில் செலுத்திப் பழகி, கை நடுக்கமின்றி ஒரே அளவு போகிறது என்று உறுதியானபின் மட்டும் உயிருள்ள விலங்கைத் தொடுங்கள்.

கிருமியின் வளர்ப்பு நிலையும் விளைவை மாற்றும். வேகமாகப் பெருகும் கட்டத்தில் எடுத்த கிருமி திடீர் அழற்சியைக் கிளப்பும். வளர்ச்சி நின்று பெர்சிஸ்டர் செல்கள் மிகுந்த கட்டத்தில் எடுத்த சூடோமோனாஸைக் கொண்டு, நீங்காத தொற்றைச் சுண்டெலியில் உண்டாக்கும் மாதிரி அண்மை ஆண்டுகளில் வெளியாகியுள்ளது; ஒழுகும் காதை ஆராய்வோர் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஹீமோஃபிலஸுக்கு ஹீமினும் என்.ஏ.டி.யும் உள்ள சாக்லேட் அகார் என்ற வளர்ப்பு ஊடகம் தேவை. சாதாரணத் தட்டில் வளரவில்லை என்பதால் காதில் கிருமி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். செலுத்திய திரவத்தில் மிஞ்சியதை அதே நாளில் தட்டில் பரப்பி, உண்மையில் எத்தனை உயிருள்ள கிருமிகள் சென்றன என்று எண்ணுங்கள். ஒளிச்சிதறலை வைத்துப் போட்ட கணக்கு மட்டும் போதாது. எந்த அளவு சரியானது என்பதைச் சில விலங்குகளில் முன்னோட்டமாகப் பார்த்து முடிவுசெய்யுங்கள். கிருமியின் வகை மாறினால் அந்த அளவும் மாறும்.

ஒழுகும் காதுக்கு ஓட்டை வேண்டும் என்று செவிப்பறையைக் குத்திவிடுபவர்கள், கொறித்துண்ணிகளின் செவிப்பறை எவ்வளவு விரைவாக ஆறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எளிய ஓட்டை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். வெப்பத்தால் ஓட்டையிடுவதும், திசு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைத் தடவுவதும் அதைத் தாமதப்படுத்தும். ஆனால் தடவும் மருந்து அழற்சியையும் மாற்றும் என்பதால், கிருமி இல்லாமல் மருந்து மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழு கட்டாயம் வேண்டும். யூஸ்டேஷியன் குழாயை அடைத்தாலே போதும், கிருமியற்ற நீர் கோக்கும். அதோடு கிருமியும் சேர்ந்தால் அது சீழாக மாறும். அறுவை மட்டும் செய்து உப்புக் கரைசல் இட்ட குழு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. ஏனெனில் புல்லாவைத் திறப்பதே ஓரளவு நீரையும் சவ்வுத் தடிப்பையும் உண்டாக்கும்.

மயக்கமும் வலி நீக்கமும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு வாயு ரத்தத்திலிருந்து நடுக்காதுக்குள் கசிந்து அதன் அழுத்தத்தை மாற்றும். எனவே இந்த ஆய்வுகளில் அதைத் தவிர்ப்பது நல்லது. கெட்டமின், சைலசின் கலவையோ ஐசோஃப்ளூரேனோ பொதுவாகப் பயன்படுகின்றன; ஆய்வு முழுவதும் ஒன்றையே பின்பற்றுங்கள். மயங்கிய விலங்கின் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். அதனால் நரம்பு அலைகள் தாமதமாகிக் கேள்வி அளவீடும் தவறாகும் என்பதால், வெப்பத் தட்டில் 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருங்கள். வலி நீக்க மருந்துகளில் மெலாக்சிகாம் போன்றவை அழற்சியையே அடக்குபவை. நீங்கள் அளக்கப்போவதும் அழற்சிதான். இதற்காக வலி மருந்தையே விட்டுவிடுவது ஏற்கத்தக்கதல்ல. புப்ரெனார்ஃபின் போன்ற வேறு வகை மருந்தைக் கால்நடை மருத்துவரோடு கலந்து தேர்ந்தெடுத்து, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் கொடுங்கள்.

ஆறாம் படி: நோய் தங்கிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்

நான் மிகுந்த அழுத்தம் தரும் படி இது. சிகிச்சை எதையும் தொடங்குமுன், சிகிச்சையே பெறாத ஒரு குழுவை முதல் வாரம், இரண்டாம் வாரம், முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று தொடர்ந்து பாருங்கள். கிருமி உயிரோடு இருக்கிறதா, சளிச்சவ்வு தடித்தே நிற்கிறதா, சளி சுரக்கும் குவளைச் செல்கள் பெருகியுள்ளனவா, எலும்பு மாறியுள்ளதா என்று தனித்தனியாக விடை தேடுங்கள். எத்தனை விழுக்காடு விலங்குகளில் நோய் தானாக நீங்கியது என்ற எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணின்மேல்தான் நிற்கிறது. மூன்று வாரத்தில் பாதி விலங்குகள் குணமாகும் மாதிரியை நாட்பட்ட நோயின் மாதிரி என்று அழைக்கக் கூடாது.

கிருமிகளை எண்ணும்போது, நீரை மட்டும் எடுத்து வளர்த்தால் உயிர்ப்படலத்துக்குள் ஒட்டியிருப்பவை தப்பிவிடும். சளிச்சவ்வையும் எலும்பையும் எடுத்து அரைத்தோ, மெல்லிய மீயொலியால் பிரித்தோ தட்டில் பரப்புங்கள். வளர்ப்பில் எதுவும் வராத காதிலும் பி.சி.ஆர். சோதனை கிருமியின் டி.என்.ஏ.வைக் காட்டலாம், உயிருள்ளவையா என்ற ஐயம் எழுந்தால், விரைவில் சிதையும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடுங்கள். ஒளிரும் கிருமிகளைக் கொண்டு ஒரே விலங்கை நாள்தோறும் படமெடுப்பது விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் அருமையான வழி. ஆனால் அந்த ஒளி வினைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த நடுக்காதிலும், செயலற்றுக் கிடக்கும் செல்களிலும் ஒளி மங்கும். ஒளி மறைந்ததைக் கிருமி மறைந்ததாக எண்ணாமல், வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிட்டே முடிவுக்கு வாருங்கள்.

கேள்வியை அளக்க, ஏ.பி.ஆர். எனப்படும் மூளைத்தண்டு எதிர்வினைச் சோதனையே அடிப்படை. கிளிக் ஒலியோடு நிறுத்தாமல், சுண்டெலியில் 8, 16, 32 கிலோஹெர்ட்ஸ் போன்ற தனித்தனி அதிர்வெண்களிலும் அளவிடுங்கள். கிடைத்த இழப்பு ஒலி கடத்தப்படாததாலா, காக்லியா பழுதானதாலா என்று பிரித்தறிய, எலும்பு வழி ஒலி கொடுத்தும் அளக்க வேண்டும். காது தானே எழுப்பும் ஒலியை அளக்கும் டி.பி.ஓ.ஏ.இ. சோதனையில், ஒலி நடுக்காதை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கடக்கிறது. நீர் நிறைந்த காதில் அது காணாமல் போனதால், காக்லியாவில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் இறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. அதற்கு ஆய்வின் முடிவில் காக்லியாவை எடுத்து, அச்செல்களை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

திசுவியலுக்கு, 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, இ.டி.டி.ஏ. கரைசலில் எலும்பின் சுண்ணாம்பை நீக்குங்கள். சுண்டெலிக்கு ஓரிரு வாரங்களும் சின்சில்லாவுக்கு அதைவிட நெடுங்காலமும் ஆகும். அவசரப்பட்டு வன் அமிலத்தில் இட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் சிதைந்துவிடும். சளிச்சவ்வின் தடிப்பை ஒவ்வொரு காதிலும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். முன்பு சொன்னபடி மேற்பகுதியும் குழாயருகே உள்ள பகுதியும் இயல்பிலேயே வேறானவை. அளப்பவருக்கு எந்தத் துண்டு எந்தக் குழுவினுடையது என்று தெரியாதபடி குறியீடு இடுங்கள்.

ஏழாம் படி: சிகிச்சையைச் சோதித்தல்

நோய் நிலைத்துவிட்டதாக நீங்கள் நிறுவிய நாளுக்குப் பிறகே மருந்தைத் தொடங்குங்கள். கிருமியைச் செலுத்திய மறுநாளே தொடங்கினால் நீங்கள் சோதிப்பது தடுப்பையே. நோயின் சிகிச்சையை அல்ல. விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். மருந்தில்லாமல் அதே கரைப்பானை மட்டும் பெறும் குழுவும் இருக்கட்டும். கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் வாய்வழியாகப் பெனிசிலின் வகை மருந்துகளைக் கொடுப்பது குடல் கிருமிகளின் சமநிலையைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடும். மனிதருக்குப் பழகிய மருந்துதானே என்று எளிதாக எண்ண வேண்டாம்.

காதில் விடும் மருந்தானால், அது நடுக்காதையும் உட்காதையும் பிரிக்கும் வட்டச் சாளரச் சவ்வைக் கடந்து உட்காதை எட்டும். கொறித்துண்ணிகளில் அந்தச் சவ்வு மனிதருடையதைவிட மெல்லியது. நாட்பட்ட அழற்சியில் அது தடித்தும் விடுகிறது. எனவே நலமான கினிப்பன்றியில் கேடு செய்த மருந்து மனிதருக்கும் அதே அளவு கேடு செய்யும் என்றோ, அழற்சியுற்ற எலியில் கேடு செய்யாதது எப்போதும் பாதுகாப்பானது என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது. காதிலிருந்து எடுத்த நீரில் மருந்து மிச்சமிருந்தால், தட்டின்மேலும் அது கிருமியைக் கொல்லும்; நன்கு கழுவி, நீர்த்தபின் பரப்புங்கள்.

மருந்தை நிறுத்திய நாளில் கிருமி இல்லை என்பதோடு ஆய்வு முடிந்துவிடாது. ஒழுகும் காதோடு போராடும் குடும்பங்களின் உண்மையான துயரம், மருந்து விடும்போது நின்ற சீழ் சில வாரங்களில் மீண்டும் வருவதுதான். ஆகவே மருந்தை நிறுத்தியபின் சில வாரங்களாவது விலங்குகளைத் தொடர்ந்து பார்த்து, மீண்டும் வந்தவை எத்தனை, எந்த நாளில் வந்தன, திரும்பிய கிருமி அதே மருந்துக்கு இன்னும் வசப்படுகிறதா என்று பதிவுசெய்யுங்கள். வசப்படும் கிருமி திரும்பியிருந்தால் பெர்சிஸ்டர் செல்களையோ உயிர்ப்படலத்தையோ சந்தேகிக்கலாம். வசப்படாதது திரும்பியிருந்தால் மருந்தெதிர்ப்பைத் தேட வேண்டும். இவ்விரண்டுக்கும் அடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு முற்றிலும் வேறு.

எட்டாம் படி: எழுதிவைத்தல்

விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிடுவது என்பதற்காக 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட அரைவ் (ARRIVE) நெறிமுறைகள் எவற்றையெல்லாம் கேட்கின்றன என்பதை ஆய்வு முடிந்தபின் பார்க்காமல், முதல் நாளிலேயே உங்கள் பதிவேட்டின் தலைப்புகளாக மாற்றிக்கொள்ளுங்கள். விலங்கின் முழு இனவகைப் பெயர், வயது, பால், கிருமியின் வகையும் வளர்ப்பு நிலையும், செலுத்திய பாதை, அளவு, மயக்க மருந்து, எந்தக் காது, யார் அளந்தார் என்று ஒவ்வொன்றும் அன்றே எழுதப்பட வேண்டும். இரு பால் விலங்குகளையும் சேர்த்திருந்தால் முடிவுகளைப் பிரித்தும் காட்டுங்கள். தொற்று பிடிக்காத விலங்குகளையும், இடையில் இறந்தவற்றையும், காரணம் தெரியாமல் தானாகக் குணமானவற்றையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அடுத்த ஆய்வாளர் எத்தனை விலங்குகள் தேவை என்று கணக்கிடுவது அந்த எண்களை வைத்துத்தான். அவை அச்சில் வராமல் போனால், அவர் மீண்டும் அதே எண்ணிக்கையிலான விலங்குகளைச் செலவிட்டே அதை அறிய வேண்டியிருக்கும். பயன்படுத்தாமல் எஞ்சிய திசுத் துண்டுகளையும் உறைந்த நீரையும் உரிய குறிப்புகளோடு சேமித்து, கேட்கும் ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுங்கள்.